இது என்ன வருத்தத்துக்கு உரிய குளிசை?

மருந்துப் போத்தலைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மிஸ், இது என்ன வருத்தத்துக்கு?" என்று கேட்பவர்களிடம் நான் ஒன்றுதான் திருப்பிக் கேட்பேன்: குளிசை உங்களுடையதா? ஆம் என்றால் எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து விளக்குவேன். வேறு யாருடையதாவது என்றால் என்னிடமிருந்து ஒரு சொல்லும் வராது. இதனால் எங்கள் ஒழுங்கையில் எனக்குத் தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர். இருக்கட்டும்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மருந்தாளராக வேலை பார்க்கிறேன். இந்தப் பகுதியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஓர் அனெக்ஸ், ஒவ்வொரு மாடியிலும் வாடகை அறைகள், யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் படிக்கவும் வேலைக்கும் வந்த பிள்ளைகள். சுவர் மெல்லியது, காது பெரியது. யார் எத்தனை மணிக்கு வருகிறார், யாருக்குக் கூரியரில் என்ன வருகிறது, குப்பைக் கூடையில் எந்த மருந்துச் சரை கிடக்கிறது என்பதெல்லாம் பொதுச் சொத்து. மாமியார் மருமகளின் குளிசையைக் கொண்டு வருவார். வீட்டுக்காரி அறைவாசியின் குளிசையைக் கொண்டு வருவார். கலியாணம் பேசுகிறவர்கள்தான் எல்லோரையும்விடச் சுறுசுறுப்பானவர்கள். முன்பு குறிப்புப் பொருத்தமும் குடும்பமும் பார்த்தார்கள். இப்போது அதோடு மருந்துப் பெட்டியும் சேர்ந்திருக்கிறது.

ஒரு குளிசையைப் பார்த்து வருத்தத்தைக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கையே தவறு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலினைச் சிறிய அளவில் நரம்பு வலிக்கும், ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும் கொடுக்கிறார்கள். நீரிழிவுக்கான மெட்ஃபோர்மினைச் சினைப்பை நீர்க்கட்டி உள்ள இளம் பெண்களுக்கும் எழுதுகிறார்கள். "பெண்ணுக்கு இந்த வயதிலேயே சீனி வருத்தமாம்" என்று ஒரு சம்பந்தம் கலைந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் இன்றைக்கு எழுத வந்தது டெனோஃபோவிர் பற்றி. இந்த ஒழுங்கையில் அந்தக் குளிசை பட்ட பாடு வேறு எதுவும் பட்டதில்லை.

கதைக்கு உரியவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன், குளிசையை மாற்றவில்லை.

வந்தவர் ஒரு பெரியவர், பெண்ணின் தாய்மாமன். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி. கடையில் ஆள் குறையும்வரை இருமல் மருந்துத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொலைபேசியை நீட்டினார். படத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல், பிள்ளைகள் திறக்க முடியாத அழுத்து மூடி, ஹைதராபாத்தில் செய்த சரக்கு, முப்பது குளிசை, டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் ஃபியூமரேட் 300 மில்லிகிராம். படத்தின் ஓரத்தில் மடித்து வைத்த சேர்ட்டுகள் தெரிந்தன. அலுமாரியைத் திறந்துதான் எடுத்திருக்கிறார்கள்.

"பிள்ளை, கோபிக்கக்கூடாது. இது என்ன வருத்தத்துக்கு?"

"யாருடைய குளிசை, ஐயா?"

"எங்கள் வீட்டுக்கு வரப்போகிற பையனுடையது. கூகிளில் போட்டுப் பார்த்தோம். எயிட்ஸ் மருந்து என்று வருகிறது."

"அப்படியென்றால் பையனையே கேளுங்கள்."

"அவனிடம் இதை எப்படிக் கேட்பது?"

"பெண் கொடுக்கலாம், கேள்வி கேட்கக் கூடாதா?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. இருந்தும் நகரவில்லை. குரலைத் தாழ்த்தி, "பெரிய விளக்கம் வேண்டாம். 'அது இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் போய்விடுகிறேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல என்னால் முடியும் என்பதுதான் சங்கடம். பையன் மாதாமாதம் குளிசை வாங்குவது என்னிடம்தான். அவருடைய மருந்துச் சீட்டு எனக்குத் தெரியும். அவருக்கு இருப்பது ஹெபடைடிஸ் பி, ஈரலைத் தாக்கும் வைரஸ்.

இந்த இடத்தில் குளிசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இது எனக்குப் பிடித்த கதையும்கூட.

டெனோஃபோவிர் பிறந்த ஊர் பிராக். செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு இன்னும் இருந்த காலம். அங்கே கரிம வேதியியல் ஆய்வு நிலையம் ஒன்றில் அன்டொனின் ஹோலி என்ற வேதியியலாளர் புதுப்புதுச் சேர்மங்களைச் செய்வார். பெல்ஜியத்தின் லூவென் நகரில் எரிக் டி கிளெர்க் அவற்றை வாங்கி வைரஸ்களின் மீது சோதித்துப் பார்ப்பார். ஐரோப்பா இரண்டாகப் பிரிந்து கிடந்த 1970களில் தொடங்கிய கூட்டு அது. பல பத்தாண்டுகள் நீடித்தது. அவர்கள் கண்டெடுத்த மூலக்கூறு சோதனைக்குழாயில் நன்றாக வேலை செய்தது. வாயால் விழுங்கினால் குடல் அதைச் சரியாக உறிஞ்சவில்லை. அமெரிக்காவின் கிலியட் நிறுவனத்தார் அதற்கு மேல் ஒரு வேதியியல் போர்வை போர்த்தினார்கள். அந்தப் போர்வையின் பெயர்தான் டைசோப்ராக்சில். குடலைத் தாண்டியதும் அது கழன்றுவிடும். 2001 ஒக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்.ஐ.வி. சிகிச்சைக்கு இதை அனுமதித்தது.

வேலை செய்யும் விதம் எளிது. எச்.ஐ.வி. நம் உயிரணுவுக்குள் புகுந்ததும் தன் மரபுத் தகவல் இருக்கும் ஆர்.என்.ஏ. இழையைப் பார்த்து டி.என்.ஏ. இழை எழுதத் தொடங்கும். அதற்கு வேண்டிய கட்டுறுப்புகளை நம் உயிரணுவிலிருந்தே எடுக்கும். டெனோஃபோவிர் அந்தக் கட்டுறுப்புகளில் ஒன்றைப் போல வேடமிட்டு நிற்கும். வைரஸின் நொதி ஏமாந்து அதைச் சேர்த்துவிட்டால் வேலை அங்கேயே நின்றுபோகும். மருதானை ரயில் பெட்டித் தொடரில் பின்கொக்கி இல்லாத ஒரு பெட்டியை மாட்டிவிட்டால் அதற்குப் பின்னால் எதையும் கோக்க முடியாதல்லவா, அது போலத்தான்.

ஹெபடைடிஸ் பி வைரஸ் முற்றிலும் வேறு குடும்பம். ஆனால் அதுவும் தன்னைப் பெருக்கிக்கொள்ளும்போது ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ. எழுதும் அதே கட்டத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அதனால் அதே குளிசை, அதே 300 மில்லிகிராம், அங்கேயும் பிடிக்கிறது. 2008 இல் ஹெபடைடிஸ் பி சிகிச்சைக்கும் அனுமதி கிடைத்தது. 2012 ஜூலை 16 அன்று, டெனோஃபோவிரும் எம்ட்ரிசிட்டபின் என்ற இன்னொரு மருந்தும் சேர்ந்த ட்ருவாடா என்ற குளிசையை, தொற்று இல்லாதவர்கள் முன்கூட்டியே எடுத்துத் தங்களைக் காத்துக்கொள்ளலாம் என்றும் அமெரிக்கா அனுமதித்தது. எச்.ஐ.வி.யைத் தடுப்பதற்கென்று அனுமதி பெற்ற முதல் குளிசை அது. அன்டொனின் ஹோலி காலமானது அதே நாளில். நம் பாட்டிமார் இதைக் கேட்டிருந்தால் அதற்கு ஒரு நட்சத்திரப் பலன் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே ஒரே மூலக்கூறு மூன்று விதமான ஆட்களிடம் இருக்கலாம். எச்.ஐ.வி. உள்ளவரிடம் இருக்கலாம். எச்.ஐ.வி. இல்லாமல், வராமலும் பார்த்துக்கொள்கிறவரிடம் இருக்கலாம். எச்.ஐ.வி.க்குச் சம்பந்தமே இல்லாத ஈரல் நோயாளியிடம் இருக்கலாம். பெரியவரின் கூகிள் முதல் ஆளை மட்டும் காட்டியிருக்கிறது.

இனி அந்த ஒரு வார்த்தைக்கு வருகிறேன். "அது இல்லை, ஐயா, ஈரல் மருந்து" என்று நான் சொல்லியிருந்தால் அன்று எல்லோருக்கும் நிம்மதி கிடைத்திருக்கும். என் தோழி ஒருத்தியும் அப்படித்தான் சொன்னாள்: "உண்மையைச் சொல்லி ஒரு நல்ல பையனைக் காப்பாற்றியிருக்கலாமே." யோசித்துப் பாருங்கள். அடுத்த மாதம் இன்னொருவர் இன்னொரு போத்தலின் படத்தோடு வருவார். அந்தப் போத்தலின் சொந்தக்காரருக்கு உண்மையிலேயே எச்.ஐ.வி. இருக்கும். அப்போது நான் "சொல்ல மாட்டேன்" என்றால் என்ன அர்த்தம்? இல்லாதவருக்கு இல்லை என்று சொல்கிறவள் வாயை மூடினால், அந்த மௌனமே காட்டிக்கொடுத்துவிடும். ஒருவரை விடுவிக்க நான் வாயைத் திறந்தால், திறக்காத நாளில் இன்னொருவரை மாட்டிவிடுகிறேன். வாயை மூடுவதென்றால் எல்லோருக்கும் மூட வேண்டும், இல்லாதவருக்கும் சேர்த்து. இரகசியம் காப்பது என்பதை எங்கள் தொழிலில் படிக்கும்போது ஒரு பரீட்சை விடையாக எழுதிவிட்டு வருகிறோம். கவுண்டருக்குப் பின்னால் நின்ற பிறகுதான் அதன் கணக்குப் புரிகிறது.

"அது இல்லை" என்ற சொல்லுக்குள் இன்னொரு நஞ்சும் இருக்கிறது. அது இருந்தால் பையன் கெட்டவன், இல்லாவிட்டால் நல்லவன் என்று நான் கையொப்பமிட்டுக் கொடுத்ததாக ஆகும். அதற்கும் நான் ஆளில்லை.

வேடிக்கையைப் பாருங்கள். பெரியவர் பயந்தது எச்.ஐ.வி.க்கு. ஆனால் ஹெபடைடிஸ் பி அதைவிடப் பல மடங்கு எளிதில் தொற்றும். உடலுக்கு வெளியே 7 நாள்கள் வரை உயிர்ப்போடு இருக்கும். ஒரே சவர அலகு, ஒரே பல்துலக்கி போதும். அதே நேரம், எச்.ஐ.வி. உள்ள ஒருவர் மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே இருந்தால் பாலுறவின் வழியாக இன்னொருவருக்கு அது தொற்றாது. இது ஆறுதலுக்குச் சொல்லும் பேச்சில்லை. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத ஆயிரக்கணக்கான சோடிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்து உறுதிப்படுத்தியது. "அது இல்லை" என்று கேட்டு நிம்மதியாக வீடு போயிருந்தால், அந்த வீட்டில் யாருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடத் தோன்றியிருக்காது. பெண்ணுக்கு உண்மையில் தேவைப்பட்டது அந்த ஊசிதான். இலங்கையில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி சேர்ந்தது 2003 இல் தொடங்கி. அதற்கு முன் பிறந்து இப்போது கலியாண வயதில் நிற்பவர்கள் தாங்களாகத் தேடிப் போட்டிருந்தால்தான் உண்டு.

பெரியவர் போய்விட்டார். பேச்சு போகவில்லை. நான் சொல்லாததே பதில் என்று எடுத்துக்கொண்டு, லண்டனில் இருக்கும் உறவுகள்வரை செய்தி பறந்ததாம். பையன் இருந்த அனெக்ஸின் வீட்டுக்காரி அவரை அறையை விடச் சொல்லிவிட்டார், காரணம் சொல்லாமல். அலுமாரியைத் திறந்தவர் அவர். ஒழுங்கையில் யாரும் அதைக் குற்றமாகப் பேசியதை நான் கேட்கவில்லை. வாடகை வாங்கினால் அலுமாரியும் தங்களுடையது என்று நினைக்கும் வீட்டுக்காரர்கள் வெள்ளவத்தையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எங்கள் கடையில் மாத மருந்து எடுப்பவர்களுக்கு ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். யாருக்கு எப்போது முடியும் என்று அதில் குறித்திருக்கும். பிரஷர் மருந்துக்காரர் ஒரு வாரம் பிந்தினால் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்திருப்பார்கள் என்று விட்டுவிடுவேன். டெனோஃபோவிர் பிந்தினால் விடமாட்டேன். பையனின் பெயருக்கு நேரே திகதி கடந்து கிடந்தது. அழைத்தேன்.

"தம்பி, குளிசை முடிந்திருக்க வேண்டுமே?"

"நிறுத்திவிட்டேன், அக்கா. போத்தல் கையில் இருந்தால்தானே பிரச்சினை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் மீதும் கொஞ்சம், மற்றவர்கள் மீது நிறைய. ஹெபடைடிஸ் பி உள்ளவர் இந்தக் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால், அடங்கிக் கிடந்த வைரஸ் ஒரேயடியாக எழும். ஈரல் கடுமையாக வீங்கலாம். சிலருக்கு உயிராபத்தாகவும் முடியலாம். மருந்தின் உள்ளே வரும் தாளில் பெட்டி கட்டி எழுதியிருக்கும் எச்சரிக்கை அது. அவரிடம் இதைச் சொல்லி, அன்றைக்கே அவருடைய வைத்தியரிடம் போகச் சொன்னேன். இரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகள் ஏறத் தொடங்கியிருந்தன. கண் மஞ்சளாகும் முன் பிடித்தாயிற்று. குளிசையை மறுபடி தொடங்கினார்கள்.

பிறகு நடந்தது அவருடைய சொந்த விஷயம், ஆனால் சுருக்கமாகச் சொல்ல அனுமதி தந்திருக்கிறார். பெண்ணிடம் அவரே நேரில் பேசினார். அடுத்த வாரம் அந்தப் பெண் கடைக்கு வந்து, மாமனைப் போல இருமல் மருந்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், "அக்கா, ஹெபடைடிஸ் பி ஊசி எத்தனை தடவை போட வேண்டும்?" என்று கேட்டார். மூன்று தடவை: இன்று, ஒரு மாதத்தில், ஆறாவது மாதத்தில். அதற்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை. கலியாணம் பம்பலப்பிட்டியில் நடந்தது. எனக்கும் அழைப்பு வந்தது. பெரியவர் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து வடையைப் பற்றி மட்டும் பேசினார்.

இனி எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பற்றி. அவர்கள் அந்த மருந்துக்கு என் கடைக்கு வர வேண்டிய தேவையில்லை. கொழும்பு 10 இல், டி சேரம் பிளேசில் இருக்கும் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கிளினிக்கிலும் வேறு அரசாங்க கிளினிக்குகளிலும் இலவசமாகக் கிடைக்கிறது. என்னிடம் டெனோஃபோவிர் தனியாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஈரல்காரர்களே. எச்.ஐ.வி.க்கு அது தனியாகப் போகாது. லமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் என்ற வேறு இரண்டு எச்.ஐ.வி. மருந்துகளோடு சேர்ந்து ஒரே குளிசையாகப் போகும். டி.எல்.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். இதை எழுதும்போதே எனக்குத் தெரிகிறது, சிலர் இதை வைத்தும் துப்பறியப் போகிறார்கள். துப்பறிகிறவர்களுக்கு ஒன்று: சில ஈரல்காரர்களுக்கும் கூட்டு மருந்து உண்டு, சில எச்.ஐ.வி.காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும் உண்டு. வேறு வேலை பாருங்கள்.

ஆனால் அவர்கள் மற்ற மருந்துகளுக்கு என்னிடம்தான் வருகிறார்கள். ஒரு நாள் ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தார். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் கொடுத்த இரும்புக் குளிசையையும் கல்சியத்தையும் காட்டி, "மிஸ், இதை வேறு ஒரு குளிசையோடு குடிக்கலாமா?" என்றார். எந்தக் குளிசை என்று கேட்டேன். பின்னால் வரிசையில் ஆள் நின்றது. அவர் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் மூன்று எழுத்துகளை எழுதி, மற்றக் கையால் மறைத்தபடி காட்டினார். நான் அதே டிக்கெட்டில் பதில் எழுதிக் கொடுத்தேன். சாப்பாட்டோடு என்றால் எல்லாவற்றையும் ஒன்றாகக் குடிக்கலாம். வெறும் வயிற்றில் என்றால் அந்த மூன்றெழுத்துக் குளிசை முதலில், இரண்டு மணித்தியாலம் கழித்து இரும்பும் கல்சியமும். அல்லது இவற்றைக் குடித்து ஆறு மணித்தியாலம் கழித்து அது. இரும்பும் கல்சியமும் டொலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். தாயின் உடலில் மருந்து குறைந்தால் பிள்ளைக்கு ஆபத்து. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை இல்லாதொழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. அதற்குப் பின்னால் இப்படிக் கையால் மறைத்துக் காட்டிய டிக்கெட்டுகளும் இருக்கின்றன.

பிறகு ஒரு தடவை அவர் வந்தபோது போத்தலைப் பற்றிச் சொன்னார். பஸ்ஸில் கைப்பைக்குள் அது கிலுகிலுவென்று சத்தம் போடுகிறதாம். கூட்டத்தில் எல்லோரும் அதையே கேட்பதுபோல இருக்கிறதாம். அதனால் உள்ளே இருந்த சிறு பொட்டலத்தை எடுத்து எறிந்துவிட்டுப் பஞ்சை அடைத்திருக்கிறார், லேபிளையும் உரித்துவிட்டார். பஞ்சு இருக்கட்டும், பொட்டலத்தை எறியாதீர்கள் என்றேன். அது ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா. டெனோஃபோவிர் டைசோப்ராக்சிலுக்கு ஈரம் ஆகாது. வெள்ளவத்தைக் கடல் காற்றில் கடை ஷட்டரே துருப்பிடிக்கிறது, குளிசையைச் சொல்ல வேண்டுமா? குளியலறை அலுமாரியில் வைப்பதும், விற்றமின் போத்தலுக்கு மாற்றுவதும், மாதக் குளிசையைப் பொலித்தீன் பையில் கொட்டி வைப்பதும் வேண்டாம். சத்தம்தான் கவலை என்றால் சுத்தமான உலர்ந்த பஞ்சைப் பொட்டலத்துக்கு மேலே வையுங்கள், மூடியை இறுக்குங்கள். லேபிளை உரிப்பதென்றால் காலாவதித் திகதியை வேறிடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இளைஞர்கள் சிலர் தடுப்புக் குளிசையைப் பற்றிக் கேட்கிறார்கள். பெரும்பாலும் வாட்ஸ்அப்பில், பெயரில்லாத எண்களிலிருந்து. "குளிசை உங்களுக்கா?" என்ற கேள்விக்கு இவர்கள்தான் தயங்காமல் ஆம் என்கிறார்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது. முதலில் எச்.ஐ.வி. பரிசோதனை, சிறுநீரகம் எப்படி என்று பார்க்க இரத்தத்தில் கிரியேட்டினின், ஹெபடைடிஸ் பி பரிசோதனை; பிறகுதான் குளிசை. சொன்னபடி எடுத்தால் பாலுறவு வழித் தொற்றை ஏறத்தாழ 99 சதவீதம் தடுக்கும். நினைத்தபோது எடுத்து, மறந்தபோது விட்டால் அந்தக் கணக்குச் செல்லாது. இதற்கும் அரசாங்க கிளினிக்குக்குத்தான் அனுப்புகிறேன். ஏதோ நடந்துவிட்டது, இனி என்ன செய்வது என்று பதறி எழுதுகிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது: 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள்கள் எடுக்கும் சிகிச்சை. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. எனக்கு எழுதி நேரத்தை வீணாக்காமல் நேரே கிளினிக்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும்.

விலையைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. 2001 இல் மும்பையின் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துச் சிகிச்சையை ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 350 டொலருக்குத் தருகிறேன் என்றபோது உலகமே வியந்தது. அப்போது மேற்கு நாடுகளில் அதே வகைச் சிகிச்சை ஆண்டுக்கு 10,000 டொலருக்கு மேல். 2009 இல் டெனோஃபோவிர் மீதான காப்புரிமை விண்ணப்பத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. ஹைதராபாத் போத்தல்கள் உலகெங்கும் போவதற்கு அதுவும் ஒரு காரணம். 2023 இல் எயிட்ஸ், காசநோய், மலேரியாவை எதிர்க்கும் உலக நிதியமான குளோபல் ஃபண்ட் டி.எல்.டி.யை ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 45 டொலருக்கும் குறைவாக வாங்கியது. 2022 இல் நாட்டின் பொருளாதார நெருக்கடியில் தட்டுகள் வெறிச்சோடி, சாதாரண மருந்துகளுக்கே ஆட்கள் கடை கடையாக அலைந்ததை இந்தக் கவுண்டரில் நின்று பார்த்தவள் நான். மருந்து விலை இறங்கிய கதை எதைக் கேட்டாலும் எனக்குக் காது குளிரும்.

போத்தலே இல்லாத காலமும் வருகிறது. லெனகாபவிர் என்ற ஊசி, வைரஸின் மரபுப்பொருளைச் சுற்றியிருக்கும் புரதக் கூட்டைத் தாக்குவது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்றுத் தோலுக்கடியில் போட்டால் போதும். 2024 இல் வெளியான ஆய்வில், தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் இந்த ஊசி போட்ட 2,134 இளம் பெண்களில் ஒருவருக்கும் எச்.ஐ.வி. தொற்றவில்லை. 2025 ஜூனில் அமெரிக்கா தடுப்புக்காக அனுமதித்தது, ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் ஆண்டுக்கு 28,000 டொலருக்கு மேல். இந்திய நிறுவனங்கள் 2027 முதல் ஏழை, நடுத்தர நாடுகளுக்கு 40 டொலருக்குத் தருவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. அலுமாரியைத் திறக்கிறவர்களுக்கு அப்போது ஒன்றும் கிடைக்காது.

அதுவரை குளிசைதான். ஆகவே என் கடைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டெனோஃபோவிர் சிறுநீரகத்தின் வழியாக வெளியேறும் மருந்து. முதுகு வலி, முழங்கால் வலி என்று டைக்ளோஃபெனாக்கைக் கேட்டு வருகிறீர்கள். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். மெட்ஃபோர்மின் எடுப்பவர் டொலுடெக்ராவிரும் எடுத்தால் மெட்ஃபோர்மினை ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போகவிடக் கூடாது. நீங்கள் வேறு என்ன எடுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாவிட்டால் இவற்றை நான் தடுக்க முடியாது. வாயால் சொல்ல வேண்டியதில்லை, ஒரு துண்டில் எழுதிக் காட்டுங்கள், துண்டைத் திரும்பத் தந்துவிடுவேன். பிரஷர் பார்க்கும் மேசை உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே வந்து உட்கார்ந்தால் பிரஷருக்கு வந்தவர் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மாலை ஏழரைக்குப் பிறகு கூட்டம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை நான் இல்லை.